முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ்: கார் டயர் மாத்த போறவங்களுக்கு

இந்த விஷயத்துல மூணு விதமான ஆளுங்க இருக்காங்க. பின்னாடி டயர் அகலமா போட்டா வண்டி கெத்தா நிக்கும்னு ஆசைப்படுறவங்க ஒண்ணு. செகண்ட் ஹேண்ட்ல பிஎம்டபிள்யூவோ பென்ஸோ எடுத்துட்டு, டயர் மாத்த போன அன்னைக்குதான் முன்னாடி வேற சைஸ் பின்னாடி வேற சைஸ்னு தெரிஞ்சு முழிக்கிறவங்க ரெண்டாவது. மூணாவது ஆளுங்க, ரெண்டு சைஸ் ஓடுறது ஒரு பிரச்சனைன்னே தெரியாம ஓட்டிக்கிட்டு இருக்கறவங்க. நான் அந்த மூணாவதுல இருந்தவன், அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு.

என்னோடது ஒரு ஸ்விஃப்ட், 185/65 ஆர்15 டயர். முன் ரெண்டு டயரும் மொட்டையாயிடுச்சு, கடைக்கு போனேன், அந்த சைஸ் ஸ்டாக் இல்ல சார், 195/65 இருக்கு, ஒரு சைஸ்தான் மேல, கிரிப் இன்னும் நல்லா இருக்கும்னு சொல்லி முன்னாடி மாட்டி விட்டாங்க. பின்னாடி பழைய 185 அப்படியே, அதுல பட்டன், அதாவது ரோட்ட தொடுற ரப்பர்ல இருக்கற பள்ளத்தோட ஆழம், ஒரு ரெண்டு மி.மீ. இருந்தா அதிகம். ஊருக்குள்ள ஓட்டுற வரைக்கும் ஒண்ணும் தெரியல, சொல்லப்போனா ஸ்டீயரிங் நல்லா பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு மழையில திண்டிவனம் பக்கம் ஒரு பாலம் இறங்குற வளைவுல, முன்னாடி போன லாரி மெதுவானதும் ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தேன், அவ்வளவுதான், வண்டியோட பின்பக்கம் தனியா கழண்டு போற மாதிரி பக்கவாட்டுல நழுவுச்சு. பின் சீட்ல அம்மா இருந்தாங்க. நழுவுன வண்டி தானா நேராச்சு, பக்கத்து லேன்ல யாரும் இல்ல, அதனால தப்பிச்சோம்.

அன்னைக்கு நடந்தத புரிஞ்சுக்கணும்னா டயர் மேல எழுதியிருக்கற நம்பர படிக்க தெரியணும், அங்கேயே ஆரம்பிப்போம்.

நம்பர படிக்கிறது

185/65 ஆர்15 88 ஹெச்னு இருந்தா, 185ங்கறது டயரோட அகலம், மி.மீ. கணக்குல. 65ங்கறது பக்கச்சுவரோட உயரம், ஆனா மி.மீ. இல்ல, அகலத்துல 65 சதவீதம். ஆர்ங்கறது ரேடியல், 15ங்கறது ரிம்மோட சைஸ் இஞ்சுல. 88 ஒரு டயர் தாங்குற பாரத்தோட குறியீடு, 88னா 560 கிலோ. ஹெச்ங்கறது வேக குறியீடு, 210 கி.மீ. வரைக்கும்.

இப்ப டயரோட மொத்த உயரம். 185ல 65 சதவீதம் 120.25, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு சுவர், 240.5. ரிம் 15 இஞ்சு, ஒரு இஞ்சுக்கு 25.4 மி.மீ., ஆக 381. கூட்டுனா 621.5 மி.மீ. இந்த கணக்க மட்டும் போன் கால்குலேட்டர்ல போட பழகிக்கோங்க, மீதி எல்லாம் இதுல இருந்துதான் வரும்.

என் வண்டியில முன்னாடி போட்ட 195/65 ஆர்15 அதே கணக்குல 634.5 வருது, 13 மி.மீ. பெருசு. பின்னாடி இருந்த டயர் புதுசா இருந்தப்ப பட்டன் ஒரு எட்டு மி.மீ. இருந்திருக்கும், ரெண்டாகிப் போனதுனால ஆறு மி.மீ. தேஞ்சிருக்கு, உயரத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து 12 குறைஞ்சிருக்கு. ஆக முன்னாடிக்கும் பின்னாடிக்கும் 25 மி.மீ., கிட்டத்தட்ட 4 சதவீத வித்தியாசம். அதோட முன்னாடி தண்ணிய கிழிச்சுக்கிட்டு போற புது பட்டன், பின்னாடி தண்ணி மேல மிதக்குற மொட்டை டயர். கால எடுத்ததும் வண்டியோட பாரம் முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும், ஏற்கனவே பிடி இல்லாத பின் டயர் விட்டுக்குடுத்துடுச்சு.

முன் டயர் பிடி விட்டா வண்டி திரும்பாம நேரா போக பாக்கும், பயமா இருக்கும், ஆனா வேகம் குறைஞ்சதும் பெரும்பாலும் பிடி திரும்ப வந்துரும். பின் டயர் பிடி விட்டா வண்டி சுத்த ஆரம்பிக்கும், அத ஸ்டீயரிங்ல எதிர்ப்பக்கம் ஒடிச்சு காப்பாத்துற பழக்கம் நம்மள்ல நிறைய பேருக்கு கிடையாது. அதனாலதான் ரெண்டு டயர் மட்டும் புதுசா வாங்குனா, முன் வீல் இழுக்குற வண்டியா இருந்தாலும், புதுச பின்னாடி போட்டுட்டு பின்னாடி இருந்த நல்ல டயர முன்னாடி கொண்டு வரச் சொல்லி டயர் கம்பெனிகளே சொல்றாங்க. இது ரெண்டும் ஒரே சைஸா இருந்தா மட்டும். பின்னாடி இருந்ததும் தேஞ்சிருந்தா பேசாம நாலையும் மாத்திடுங்க. கடையில முன்னாடிதான் சார் போடணும், அதுதான இழுக்குதுன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க.

உங்க வண்டிக்கு ரெண்டு சைஸ் வேணுமா

முதல்ல டிரைவர் டோர திறந்து அந்த தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர பாருங்க, சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். முன்னாடி பின்னாடி தனித்தனி சைஸ் போட்டிருந்தா உங்களுது கம்பெனியே அப்படி குடுத்த வண்டி. ஒரே சைஸ்தான் இருக்குன்னா நீங்க புதுசா ஒரு மாற்றம் பண்ண போறீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

கம்பெனிக்காரன் ஏன் அப்படி குடுக்குறான்? பின் வீல் இழுக்குற வண்டியில எஞ்சினோட சக்தி முழுக்க பின் டயர் வழியாத்தான் ரோட்டுக்கு போகுது, வேகம் எடுக்கும்போது பாரமும் பின்னாடி சாயுது, அதனால அங்க அகலம் வேணும். இன்னொரு காரணமும் இருக்கு, பின்பக்க பிடி கூடுதலா இருந்தா, டயரோட பிடி எல்லை தாண்டும்போது முதல்ல முன்பக்கம்தான் விடும், மேல சொன்ன மாதிரி அது சமாளிக்கக்கூடியது. பெரிய பவர் வண்டின்னு இல்ல, எஞ்சின் பின்னாடி இருக்கற குட்டி ஸ்மார்ட் ஃபார்டூ காருக்கும் முன்னாடி ஒல்லி டயர், பின்னாடி அகல டயர்தான்.

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ மாதிரி முன் வீல் இழுக்குற வண்டி வச்சிருக்கறவங்களுக்கு என்னோட கருத்த நேராவே சொல்லிடுறேன், பின்னாடி மட்டும் அகல டயர் போடாதீங்க. இழுக்குறது முன்னாடி, திருப்புறது முன்னாடி, பிரேக்குல பெரும்பங்கு முன்னாடி, பின்னாடி அகலம் போட்டு உங்களுக்கு கிடைக்கிறது மைலேஜ் குறைவும் வளைவுல இன்னும் மந்தமா திரும்புற வண்டியும்தான். முன்னாடி மட்டும் அகலம் போடுறது அதவிட மோசம், என் கதை அதுதான். ஆடி ஆர்எஸ்3ல கம்பெனியே முன்னாடி 265ம் பின்னாடி 245ம் குடுக்குறாங்களேன்னு கேக்கலாம், அவங்க அதுக்குன்னே சஸ்பென்ஷன், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் பூட்டிக்காம பாத்துக்கற சிஸ்டம்) எல்லாத்தையும் அமைச்சு, டெஸ்ட் பண்ணி விடுறாங்க, நம்ம தெரு டயர் கடையில அந்த வேலை நடக்காது. இந்த வண்டிகளுக்கு அகலம் வேணும்னா நாலு வீலும் சேர்ந்து மாறட்டும்.

அதுக்கும் வழி கம்பெனியே காட்டியிருக்கு பாருங்க. 2018ல வந்த ஸ்விஃப்ட்ல கீழ் வேரியண்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டுக்கு 185/65 ஆர்15. பலேனோ மேல் வேரியண்ட்டுக்கு 195/55 ஆர்16. மூணையும் கணக்கு போட்டா 619.6, 621.5, 620.9. ரிம் ரெண்டு இஞ்சு ஏறியிருக்கு, அகலம் 30 மி.மீ. ஏறியிருக்கு, உயரம் ரெண்டு மி.மீ.க்குள்ள நிக்குது. இத முதல் தடவை போட்டு பாத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, அந்த நம்பருக்கு பின்னாடி ஒரு ஒழுங்கு இருக்குங்கறது அப்பதான் புரிஞ்சது.

முன்பின் விகிதம்

கம்பெனியே ரெண்டு சைஸ் குடுத்த வண்டிக்கு வருவோம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்ல 18 இஞ்சு எம் வீல் செட்டுல முன்னாடி 225/45 ஆர்18, பின்னாடி 255/40 ஆர்18 வரும். முன்னாடி 659.7, பின்னாடி 661.2. அகலம் 30 மி.மீ. கூடியும் உயரம் ஒண்ணரை மி.மீ.தான் மாறியிருக்கு. அப்ப முன்னாடி பின்னாடி உயரம் சமமா இருக்கணும், அதுதான் விதின்னு நினைச்சுக்காதீங்க. போர்ஷே 911 கரேரா, 992 மாடல்ல, முன்னாடி 235/40 ஆர்19, பின்னாடி 295/35 ஆர்20. போட்டு பாருங்க, 670.6, 714.5. பின் டயர் 44 மி.மீ. பெருசு, ஆறரை சதவீதம். அந்த வண்டி ஒழுங்காத்தான் ஓடுது.

விஷயம் என்னன்னா, ஏபிஎஸ், வண்டி சறுக்காம பாத்துக்கற ஈஎஸ்பி எல்லாம் நாலு வீலும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு சென்சார் வச்சு பாத்துக்கிட்டே இருக்கு. முன் வீலும் பின் வீலும் இந்த விகிதத்துல சுத்தும்னு அதுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்த விகிதம் மாறுனா, வீல் வழுக்குதுன்னு தப்பா எடுத்துக்கும், மீட்டர்ல மஞ்ச லைட் எரியலாம், தேவையில்லாத நேரத்துல பிரேக்க பிடிக்கலாம். காத்து குறைஞ்சா சொல்ற சிஸ்டம் சில வண்டியில இதே சென்சார வச்சுத்தான் வேலை செய்யுது, அதுவும் குழம்பும். அதனால நீங்க காப்பாத்த வேண்டியது உங்க வண்டிக்கு கம்பெனி குடுத்த முன்பின் விகிதம். ஒரிஜினல்ல ரெண்டும் ஒண்ணுன்னா புது செட்டுலயும் ஒரு சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க. ஒரிஜினல்ல வித்தியாசம் இருந்தா அந்த வித்தியாசம் அப்படியே இருக்கட்டும்.

ஸ்பீடாமீட்டரும் இதோட சேர்ந்தது. டயர் 3 சதவீதம் பெருசானா மீட்டர் 100 காட்டும்போது நீங்க பழைய டயர்ல போனதவிட 3 சதவீதம் வேகமா போய்க்கிட்டு இருப்பீங்க.

நாலு வீலும் இழுக்குற வண்டின்னா இன்னும் கண்டிப்பு. தார், ஜிம்னி மாதிரி வண்டியில நாலு வீலும் இழுக்குறதுக்கான 4 ஹெச் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணா பூட்டிக்கும், டயர் உயரம் மாறியிருந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு கியர் பாக்ஸ் பக்கம் முறுக்கு ஏறும். எப்பவும் நாலும் இழுக்குற வண்டியில நடுவுல இருக்கற கிளட்ச் ஓயாம உரசி சூடாகும். சுபாரு கம்பெனி தன்னோட வண்டிகளுக்கு நாலு டயரோட சுத்தளவு வித்தியாசம் கால் இஞ்சுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, கால் இஞ்சுன்னா ஆறு மி.மீ. சொச்சம், ஒரே சைஸ்ல ஒண்ணு தேஞ்சு ஒண்ணு புதுசா இருந்தாலே அது தாண்டிரும்.

டயர்ல எழுதியிருக்கற சைஸ் ஒண்ணா இருந்தாலும் பிராண்டுக்கு பிராண்டு சில மி.மீ. மாறும். சந்தேகமா இருந்தா இப்படி அளந்து பாருங்க: சமதளத்துல வண்டிய நிறுத்தி, டயர் தரைய தொடுற எடத்துல டயர்லயும் தரையிலயும் சாக்பீஸால ஒரு கோடு போடுங்க, ஒருத்தர் மெதுவா தள்ளட்டும், டயர்ல இருக்கற கோடு ஒரு முழு சுத்து சுத்தி திரும்ப தரைக்கு வந்ததும் அங்க இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப் வச்சு அளங்க. ஸ்விஃப்ட் டயருக்கு 1.9 மீட்டர் கிட்ட வரும். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு அளந்தா உண்மையான விகிதம் கையில வந்துரும்.

ரிம்மு

டயர் அகலம் ஏறுனா ரிம் அகலமும் ஏறணும். ஒவ்வொரு டயர் சைஸுக்கும் இந்த அளவுல இருந்து இந்த அளவு வரைக்கும் ரிம் போடலாம்னு இருக்கு, 185/65 ஆர்15க்கு 5லிருந்து 6.5 ஜே, 255/40 ஆர்18க்கு 8.5லிருந்து 10 ஜே. ஜேக்கு முன்னாடி இருக்கற நம்பர்தான் ரிம்மோட அகலம், இஞ்சுல. ஒல்லி ரிம்ல அகல டயர ஏத்துனா பக்கச்சுவர் பலூன் மாதிரி உப்பி, வளைவுல டயர் ஆடும், நடுவுல மட்டும் தேயும்.

அடுத்தது ஆஃப்செட், ஈ.டி.ன்னு ரிம்ல எழுதியிருக்கும். ரிம்மோட நடுக்கோட்டுக்கும் அது ஹப்புல உக்காருற எடத்துக்கும் உள்ள தூரம். இத பாக்காம வாங்கித்தான் நிறைய பேர் மட்கார்டுல உரசி அழுறாங்க. உதாரணத்துக்கு 6 ஜே ஈ.டி. 45 ரிம்ம கழட்டிட்டு 7 ஜே ஈ.டி. 40 போடுறீங்கன்னு வைங்க. ஒரு இஞ்சு அகலம் கூடுது, அதுல பாதி 12.7 மி.மீ. வெளிய, பாதி உள்ள. ஈ.டி. 5 குறைஞ்சதால மொத்த வீலும் 5 மி.மீ. வெளிய தள்ளுது. ஆக வெளிப்பக்கம் 17.7 நீட்டும், உள்பக்கம் 7.7 நெருங்கும். இப்ப போய் உங்க வண்டியில மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும், உள்ள சஸ்பென்ஷன் தண்டுக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளின்னு விரல விட்டு பாத்துட்டு வாங்க.

போல்ட் ஓட்டை எண்ணிக்கையும் வட்டமும், ஸ்விஃப்டுக்கு 4 இன்ட்டு 100ங்கற மாதிரி (நாலு ஓட்டை, 100 மி.மீ. வட்டம்), ஒத்துப்போகணும். நடு ஓட்டை ஹப்பவிட பெருசா இருந்தா அந்த இடைவெளிய அடைக்கிற சென்டரிங் ரிங் கேட்டு வாங்குங்க, இல்லேன்னா 80 தாண்டுனதும் ஸ்டீயரிங் நடுங்கும்.

பாரம்

இத யாரும் பாக்குறதில்ல. 195/50 ஆர்15 டயர் கடையில தொங்கும், பாக்க அகலமா ஸ்போர்ட்டியா இருக்கும். ஆனா அதோட பாரக் குறியீடு 82, அதாவது 475 கிலோ. ஸ்விஃப்ட் 185/65ல 560 கிலோ தாங்குன எடத்துல ஒரு டயருக்கு 85 கிலோ குறைஞ்சு போச்சு, பின்பக்கம் ரெண்டு டயருக்கு 170 கிலோ. குடும்பத்தோட டிக்கி நிறைய சாமான் ஏத்திக்கிட்டு குலதெய்வம் கோவிலுக்கு போற நம்ம ஊரு ஓட்டத்துக்கு இது விளையாட்டு இல்ல. அகலம் எதுவா இருந்தாலும் பாரக் குறியீடும் வேக குறியீடும் ஒரிஜினலவிட குறையக்கூடாது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சி புக்குல பதிவான விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. வண்டியோட கையேட்டுல இருக்கற சைஸ்குள்ள நின்னுக்கோங்க. டயர் மட்கார்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுல முதல்ல படுறது அதுதான். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மாத்துறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வைங்க. பட்டன் 1.6 மி.மீ.க்கு கீழ தேஞ்சா காருக்கு அந்த டயர் செல்லாது, பள்ளத்துக்குள்ள சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், பட்டன் அதுக்கு சமமானா கழட்டிடணும்.

கடையில நிக்கும்போது

முன்னாடி ரெண்டு ஒரே ஜோடி, பின்னாடி ரெண்டு ஒரே ஜோடி, முடிஞ்சா நாலும் ஒரே கம்பெனி ஒரே மாடல். காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற ரன் ஃபிளாட் டயரையும் சாதா டயரையும் கலக்காதீங்க. தயாரிச்ச தேதி நாலு இலக்கமா ஓரத்துல இருக்கும், 2324னா 2024ஆம் வருஷம் 23வது வாரம். பழைய ஸ்டாக்க தள்ளி விட பாப்பாங்க, நீங்களே குனிஞ்சு நாலுலயும் பாருங்க.

டயர் மாட்டுற பையன் அவசரத்துல இருப்பான், 225ம் 255ம் சுவத்துல சாத்தி வச்சா ஒரே மாதிரிதான் தெரியும், அதனால ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே எது முன்னாடி எது பின்னாடின்னு சாக்பீஸால எழுதி வச்சுடுங்க. டயர் ஓரத்துல அம்புக்குறி இருந்தா அது வண்டி முன்னால போற திசைய பாக்கணும். வெளிப்பக்கம்னு எழுதியிருந்தா அந்த எழுத்து வெளிய தெரியணும். பேலன்சிங் நாலுக்கும், அப்புறம் அலைன்மெண்ட். நட்ட கம்பிரசர் கன்னால மட்டும் முறுக்கி விட்டுட்டு போக விடாதீங்க, நட்ட சரியான அளவுக்கு முறுக்குற டார்க் ரெஞ்ச் இருக்கான்னு கேளுங்க, எவ்வளவு முறுக்கணும்னு கையேட்டுல இருக்கும்.

காத்து, கம்பெனியே ரெண்டு சைஸ் குடுத்த வண்டின்னா ஸ்டிக்கர்ல முன்னாடி பின்னாடி தனித்தனியா இருக்கும், அதே வைங்க. நாலு வீலையும் கையேட்டுல இருக்கற இன்னொரு சைஸுக்கு மாத்துனவங்களும் அந்த சைஸுக்கு போட்டிருக்கறத பாத்து வைங்க. பிடிக்கிற பையன்கிட்ட ரெண்டு நம்பரையும் சொல்லுங்க, சொல்லலேன்னா நாலுலயும் ஒரே அளவு ஏத்திட்டு போயிருவான்.

வண்டிய எடுத்ததும் மெயின் ரோட்டுக்கு போகாதீங்க. நின்ன எடத்துலயே ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சு டயர் எங்கயாவது இடிக்குதான்னு பாருங்க. அப்புறம் பின்னாடி மூணு பேர உக்கார வச்சு ஒரு ஸ்பீட் பிரேக்கர மெதுவா ஏறி இறங்குங்க, சர்ருன்னு சத்தம் வந்தா உரசுது. இறங்கி மட்கார்டு உள்பக்கம் டார்ச் அடிச்சா தேய்ச்ச இடம் பளபளன்னு தெரியும். 50, 100 கி.மீ. ஓடுனதும் நட்ட இன்னொரு தடவை டார்க் வச்சு பாத்துடுங்க. மழையில கொஞ்ச நாள் நிதானமாவே ஓட்டுங்க, அகல டயர் தேங்குன தண்ணியில ஒல்லி டயரவிட சீக்கிரம் மிதக்கும்.

அதுக்கப்புறம் வர்ற செலவு

ரெண்டு சைஸ் வண்டியில முன் டயர பின்னாடியும் பின் டயர முன்னாடியும் மாத்திப் போட முடியாது. அம்புக்குறி இல்லாத டயர்னா இடது வலது மட்டும் மாத்தலாம், அம்புக்குறி இருந்தா அதுவும் இல்ல. அதனால பின் ஜோடி முதல்ல தேயும், அதுதான் விலையும் கூட. வாங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு சைஸும் உங்க ஊர்ல கிடைக்குதான்னு விசாரிச்சுக்கோங்க, இல்லேன்னா என்னை மாதிரி ஸ்டாக் இல்ல சார்ங்கற வார்த்தைக்கு தலையாட்ட வேண்டியிருக்கும்.

ஸ்டெப்னி ஒண்ணுதான் இருக்கும், அது எந்த சைஸுன்னு இன்னைக்கே டிக்கிய திறந்து பாருங்க. இழுக்குற ஆக்சில்ல உயரம் மாறுன ஸ்டெப்னி போட்டா, ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், பக்கத்து பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா போலாம், ஊருக்கு போகக்கூடாது. ஸ்டெப்னியே குடுக்காம பஞ்சர் கிட்டும் சின்ன கம்பிரசரும் மட்டும் குடுத்திருந்தா அந்த கிட்டோட காலாவதி தேதியையும் பாத்துட்டு, முன் சைஸ், பின் சைஸ், ரெண்டுக்குமான காத்து, நட்டு டார்க், இந்த நாலையும் ஒரு அட்டையில எழுதி ஆர்சி கூட வச்சுடுங்க, ராத்திரி பத்து மணிக்கு எங்கயாவது ஹைவேல நின்னா அது உதவும்.